கேட்டு வராதவர்கள்

ஊசி வந்துவிட்டது என்ற செய்தியைக் குடைக்காரிதான் கொண்டுவந்தாள். அப்போது வக்கீலம்மா ஒரு டீச்சரின் இடது புருவத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள். நூலின் ஒரு நுனி பல்லிடுக்கில், மற்றது விரல்களில். வாயில் நூல் இருக்கும்வரைதான் அவள் பேசமாட்டாள் என்பது தெருவுக்கே தெரியும். அதனால் அவளிடம் ஒரு விஷயத்தை முழுதாகச் சொல்லி முடிக்க நினைப்பவர்கள் அந்த நேரம் பார்த்துத்தான் கடைக்கு வருவார்கள்.

"வந்துடுச்சுடி. நம்ம ஆஸ்பத்திரிக்கே வந்துடுச்சு. பெட்டி பெட்டியா இறக்குறாங்க, என் கண்ணால பார்த்தேன்" என்றாள் குடைக்காரி, வாசலில் குடையைச் சுருக்காமலே.

நூல் அறுந்தது. டீச்சர் "ஆ" என்றாள்.

வக்கீலம்மா எந்தக் கோர்ட்டையும் பார்த்தவளல்ல. அழகுநிலையம் வைத்திருப்பவள். இரண்டு நாற்காலி, அதில் ஒன்று ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. காய்கறிக்காரனிலிருந்து கரண்ட் ஆபீஸ் வரை எல்லோரிடமும் நியாயம் பேசுவதால் அந்தப் பேர். புருஷன் வேறொருத்தியோடு போய்ப் பல வருஷமாகிறது. அதற்குப் பிறகுதான் அவளுக்கு இவ்வளவு வாய் வந்தது என்று சிலர் சொல்வார்கள். இந்த வாய்க்குப் பயந்துதான் அவன் போனான் என்றும் சிலர் சொல்வார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

குடைக்காரிக்கு லாரிகள் நிற்கும் சாலையோரம்தான் பிழைப்பு. வெயிலோ மழையோ, குடையில்லாமல் அவளைப் பார்க்க முடியாது. குடை தலைக்கு அல்ல, முகத்துக்கு. அதை மறைத்துப் பேசுகிற வழக்கம் அவளுக்குமில்லை, அந்தக் கடைக்குமில்லை.

அவள் சொன்ன செய்திக்காக அந்தத் தெருப் பெண்கள் கழுத்து நீள நீளக் காத்திருந்தார்கள். சில வருஷங்களுக்கு முன்பு ஆராய்ச்சிக்காரர்கள் வந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்றுத் தோலுக்கடியில் ஓர் ஊசி போட்டால் எச்.ஐ.வி. அண்டாது என்று நம்புகிறோம், அதை நிரூபிக்கப் பெண்கள் வேண்டும் என்றார்கள். "எங்களை என்ன, எலின்னு நெனச்சீங்களா?" என்று முதலில் சண்டைக்குப் போனவள் வக்கீலம்மாதான். கேள்வி மேல் கேள்வி கேட்டு, மனசுக்குச் சரியென்று பட்டபின், தலைக்குச் சாயம் பூசிக்கொண்டே ஒவ்வொரு பெண்ணாகப் பேசிச் சேர்த்துவிட்டவளும் அவள்தான். சாயம் காயும்வரை எழுந்து ஓட முடியாதே!

ஊசி பலித்தது. போட்டுக்கொண்ட பெண்களில் ஒருத்திக்குக்கூட நோய் தொற்றவில்லை. கேக் வெட்டினார்கள், கைதட்டினார்கள், பேப்பரில் படம் வந்தது. இன்னும் கொஞ்ச நாள் தொடர்ந்து போட்டார்கள். பிறகு கட்டில், தராசு, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். இனிமேல் அரசாங்கம் முடிவெடுக்கும் என்றார்கள். அரசாங்கம் முடிவெடுக்கிற அழகுதான் தெரியுமே. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. எந்த உடம்புகளில் சோதித்தார்களோ அந்த உடம்புகளுக்கே மருந்து இல்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் வக்கீலம்மாவுக்கு வயிறு எரியும்.

எரிகிற வயிற்றோடு அவள் ஊர்வலம் போனாள், அட்டை பிடித்தாள், அதிகாரிகள் கொடுத்த பிஸ்கட்டைத் தொடாமல் திரும்பினாள். இப்போது பெட்டி பெட்டியாக இறங்குகிறதாம்.

"உன் தங்கச்சிகிட்ட சொல்லு மொதல்ல" என்று குடைக்காரி கண்ணைக் காட்டினாள்.

தங்கச்சி உள்ளே துண்டுகளை அலசிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் அலசிக்கொண்டிருந்தாள். வெளியே வரவில்லை. பிழிந்த துண்டையே மறுபடி பிழிந்தாள்.

அவள் புருஷன் லாரி டிரைவர். போனால் மாசக்கணக்கு, வந்தால் நாள்கணக்கு. கல்யாணமான புதிதில் விடாத காய்ச்சலுக்கு ரத்தம் பரிசோதித்தபோது அவனுக்கு நோய் இருப்பது தெரிந்தது. அவனே அவளை உட்காரவைத்து, அழுதுகொண்டே சொன்னான். அவளுக்குத் தொற்றியிருக்கவில்லை. அவன் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் கிருமி அடங்கிவிடும், அடங்கிவிட்டால் அவளுக்குத் தொற்றவே தொற்றாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் இருக்கும்போது சாப்பிடுவான். லாரியில் கிளீனர் கூடவே படுக்கிறான், டப்பாவைப் பார்த்தால் கேட்பான், கேட்டால் ஊர் முழுக்கப் பரவும். அதனால் பாதி நாள் டப்பா சீட்டுக்கடியிலேயே கிடந்தது. போன பரிசோதனையில் கிருமி மறுபடி ஏறியிருந்தது. மாமியாருக்கு மகனுக்குச் சர்க்கரை என்றுதான் தெரியும்.

ஆணுறை வேண்டாம் என்பவனல்ல அவன். பிள்ளை வேண்டும் என்பவள் இவள். வயசு முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. ஆராய்ச்சி ஊசி உடம்பில் இருந்த காலத்தில்தான் அவள் புருஷனோடு பயமில்லாமல் படுத்தாள். அப்போது கரு தங்கவில்லை. இப்போது ஊசி இல்லை.

"நாளன்னைக்கு அவர் வர்றாருக்கா" என்று துண்டை உதறிக்கொண்டே சொன்னாள். 

மறுநாள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மழை வரும்போல் மூடிக்கொண்டு, வராமல் புழுங்கிய காலை. தாழ்வாரத்தில் மேஜை போட்டு நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். மின்விசிறி அவள் பக்கம் திரும்பும்போதெல்லாம் காகிதங்களை முழங்கையால் அமுக்கிக்கொண்டாள். குடைக்காரியின் கூட்டாளிகள் ஊசி போட்டுக்கொண்டு வயிற்றைத் தடவியபடி சிரித்துக்கொண்டு போனார்கள். வக்கீலம்மாவைப் பார்த்ததும் ஒருத்தி, "எல்லாம் உன் வாயால வந்துச்சு, நீ நல்லாயிருக்கணும்" என்று கன்னத்தைக் கிள்ளினாள். வக்கீலம்மாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க?

"நீங்க எந்தப் பக்கம் நிக்கறீங்க?" என்று நர்ஸ் தங்கச்சியைக் கேட்டாள்.

"நிக்கறதுன்னா?"

"லாரி ரோடா, பஸ் ஸ்டாண்டா?"

"நான் வீட்லதான் சிஸ்டர். அக்கா கடைல வேலை."

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். "கல்யாணம் ஆயிடுச்சா? வீட்டுக்காரர் மட்டும்தானா?"

"மட்டும்தான்."

"அப்ப உங்களுக்குக் கிடையாதும்மா. இது ரோட்ல தொழில் பண்றவங்களுக்கு."

தங்கச்சி மேஜைமேல் குனிந்தாள். "அவருக்கு இருக்கு சிஸ்டர்."

நர்ஸ் கெட்டவளல்ல. அவளும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இருந்தா அவரை மாத்திரையை விடாம சாப்பிடச் சொல்லுங்க. நான் என்னம்மா பண்ணட்டும்? உத்தரவு அப்படி."

"தினமும் போடற மாத்திரையாவது குடுங்களேன், நோய் வராம இருக்கறதுக்கு."

"அதுவும் இதே கணக்குலதான் வருது."

கிடைத்தாலும் அதை வைக்க இடமில்லை. அரிசி டப்பாவரை கைவிட்டுத் துழாவுகிற மாமியார் அவள் மாமியார். உடம்புக்குள் ஒளித்துவைக்கக் கூடிய மருந்து ஊசி ஒன்றுதான்.

"அது எப்படிங்க உத்தரவு போடுவாங்க?" என்று வக்கீலம்மா இடுப்பில் கைவைத்தாள். "ரோட்ல நிக்கறவளுக்குத் தொத்தும், வீட்ல படுக்கறவளுக்குத் தொத்தாதா? எந்த மகராசன் போட்டது?"

நர்ஸ் அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். "என்னக்கா, என்னைக் கேக்கறீங்க? நீங்கதானே அட்டை பிடிச்சீங்க? டீவில நானே பார்த்தேன். 'ரோட்டுப் பெண்களுக்கே கொடு'ன்னு."

வக்கீலம்மாவுக்குக் கை இடுப்பிலிருந்து தானாக இறங்கியது.

உண்மைதான். ஊசி குறைவாகத்தான் வரும் என்று பேச்சு அடிபட்ட காலம் அது. பணக்கார ஆஸ்பத்திரிகள் அள்ளிக்கொண்டு போய்விடும், சாலையோரத்துப் பெண்களுக்கு ஊசி வந்த காலிப்பெட்டிதான் மிஞ்சும் என்று எல்லோருக்கும் பயம். கோரிக்கையை முடிவுசெய்யச் சாலையோரப் பெண்களின் சங்கத்தில் உட்கார்ந்தபோது, "நோய் இருக்கற ஆம்பளைங்களோட பொண்டாட்டிங்க?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் வக்கீலம்மாவைப் பார்த்தார்கள். எந்த நியாயத்தையும் விடாமல் பேசுகிறவள், "அவங்களை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அன்றைக்கு முடித்துவிட்டாள். பொண்டாட்டிமார் பேச்சை எடுத்தால், இவள் ஏன் இவ்வளவு உருகுகிறாள், எந்த வீட்டில் இருக்கிறது என்று நாலு கண் திரும்பும். திரும்பினால் முதலில் தங்கச்சி வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும். தங்கச்சியைக் காப்பாற்றத்தான் தங்கச்சியை விட்டுவிட்டாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

தங்கச்சியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவள் நேரே ஊசித் திட்டத்து அதிகாரியிடம் போனாள். நல்ல மனிதர். கோபப்பட்டால் பதிலுக்குக் கோபப்படாத ரகம். அப்படிப்பட்டவரோடு சண்டை போடுவது தலையணையைக் குத்துவதுமாதிரி, கைதான் வலிக்கும்.

"உட்காருங்கம்மா. தண்ணி குடிங்க. உங்க கோரிக்கையை அப்படியே ஏத்துக்கிட்டோம், பார்த்தீங்களா? எந்த ஊர்லயும் இப்படி நடந்ததில்ல."

"அதுல ஒரு தப்பு நடந்துபோச்சு சார். பொண்டாட்டிங்களையும் சேர்க்கணும்."

"சேர்க்கலாமே. யார் வேண்டாம்னா? ஆனா மேலே கேப்பாங்க. தேவை இருக்கா, எத்தனை பேர் கேட்டு வந்தாங்கன்னு கேப்பாங்க."

"வந்தா திருப்பி அனுப்பறாங்களே சார்! அப்புறம் எப்படிக் கணக்கு வரும்?"

"யாரைத் திருப்பி அனுப்பினாங்க? சொல்லுங்க, இப்பவே விசாரிக்கறேன்."

அறையில் இரண்டு குமாஸ்தாக்கள் தட்டச்சுவதை நிறுத்தியிருந்தார்கள். அதில் ஒருவன் தங்கச்சியின் தெருக்காரன்.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு" என்றாள்.

"அவங்களையே வரச் சொல்லுங்க. புருஷனுக்கு நோய் இருக்குன்னு பேர் விலாசத்தோட ஒரு மனு கொடுக்கட்டும். ஒரே ஒரு ஆள் போதும், அதைப் பிடிச்சுக்கிட்டு நான் மேலே பேசுவேன். வெறுங்கையோட போய் என்னன்னு பேச?"

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கத்தவாவது ஓர் இடம் கொடுத்திருந்தால் மனசு ஆறியிருக்கும். தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தாள்.

சாயங்காலம் கடையில் கூட்டமில்லை. கரண்ட் போயிருந்தது. தங்கச்சி மூன்று பேருக்கும் டீயும் பன்னும் வாங்கிவந்து வைத்தாள். குடைக்காரி ஏறாத நாற்காலியில் கால்மேல் கால்போட்டு உட்கார்ந்து, பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துக்கொண்டிருந்தாள். வக்கீலம்மா நடந்ததைச் சொல்லி முடித்தாள். சொல்லாமல் விட்ட பழைய கதையும் கூடவே வந்து விழுந்தது.

"நான் உன்கிட்ட கேட்டேனா, என்னை மறைச்சு வைன்னு?" என்றாள் தங்கச்சி.

"ஊர் பேசுமேடி."

"ஊரா வந்து எனக்குப் பிள்ளை பெத்துத் தரப்போகுது? எல்லாருக்கும் பேசற வாய் எனக்குன்னு வரும்போது மட்டும் பூட்டிக்குச்சா?"

"உன் நல்லதுக்குத்தான்..."

"நல்லதுக்குத்தான் செஞ்சேன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்னு எல்லாரும் சொல்றீங்க. அவரும் நல்லதுக்குத்தான் டப்பாவை ஒளிச்சார். நாளைக்கு வந்து நிப்பார். நான் என்ன சொல்லட்டும்? பிள்ளை வேண்டாம்னு சொல்லட்டுமா, பயமில்லைன்னு சொல்லட்டுமா?"

குடைக்காரி கடைசித் துண்டை விழுங்கிவிட்டுக் கையைத் துடைத்தாள். "ரெண்டும் சொல்ல வேணாம். நாளைக்கு என்கூட வா. புதுசா ரோட்டுக்கு வந்தவங்களை நாங்கதான் கூட்டிட்டுப் போய், இவ எங்க ஆளுதான்னு சாட்சி சொல்லணும். நான் சொன்னா வேற கேள்வி கிடையாது. ஊசியைப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிடு."

"வேணாம்!" என்று வக்கீலம்மா சட்டென்று எழுந்தாள். "என் தங்கச்சி பேரை அங்க போய் அப்படிப் பதியறதா? நாளைக்கு யாராவது பார்த்தா? குடும்பத்துப் பொண்ணுடி அவ!"

வெளியே ஒரு லாரி கடந்துபோனது.

"ஓ" என்றாள் குடைக்காரி. "மேடைல நின்னா நான் உன் உடன்பிறப்பு. 'எங்கள் சகோதரிகள், எங்கள் ரத்தம்'னு நீ பேசினதைக் கேட்டு நான் அழுதேன், தெரியுமா? ஆனா எனக்கு இருக்கற பேரு உன் தங்கச்சிமேல பட்டா ஒட்டிக்குமா?"

"நான் அந்த அர்த்தத்துல சொல்லலை."

"எந்த அர்த்தத்துல சொன்னே? சொல்லு. நீதான் நல்லா பேசுவியே."

வக்கீலம்மா காலி டீ கிளாஸ்களை எடுத்து அடுக்கினாள். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடு சேர்த்து, தான் சொன்னதை மாற்றிக்கொள்ளவும் மனசில்லாமல் இருந்தது. அது இன்னும் வெட்கம்.

குடைக்காரி எழுந்தாள். வாசலுக்குப் போனவள் திரும்பி, வக்கீலம்மாவைப் பார்க்காமல் தங்கச்சியைப் பார்த்தாள். "ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி கேட்ல நிப்பேன். வந்தா வா. கண்ணுக்கு மை கொஞ்சம் தூக்கலா வை. சிஸ்டருக்கும் மனசு சமாதானமாகணும்ல?"

தங்கச்சிக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் தங்கச்சி போனாள். அக்காவிடம் சொல்லிக்கொண்டுதான் போனாள். வக்கீலம்மா போகாதே என்றும் சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை, ஒரு பெண்ணின் நனைந்த தலையைத் தேவைக்குமேல் துவட்டிக்கொண்டிருந்தாள். பத்து மணிவாக்கில் தங்கச்சி வந்து கண்மையைக் கழுவிவிட்டு, வழக்கம்போலத் துடைப்பத்தை எடுத்து முடியைக் கூட்டினாள்.

"என்ன கேட்டாங்க?"

"எத்தனை நாளா நிக்கறேன்னு கேட்டாங்க."

"யாரு, அதே சிஸ்டரா?"

"அதே சிஸ்டர்தான். முந்தாநாள் என்னைப் பார்த்ததே இல்லாத மாதிரி கேட்டாங்க. நானும் அதே மாதிரி சொன்னேன். வயித்துல கொஞ்சம் வலிக்குது, அவ்வளவுதான்."

"முந்தாநாள் இல்லடி, நேத்துதான் போனோம்."

"நேத்தா? எனக்கென்னவோ ரொம்ப நாளான மாதிரி இருக்கு."

மாதங்கள் ஓடின. மழை வந்தது, போனது. தங்கச்சிக்குத் தொற்றவில்லை. இரண்டாவது ஊசியும் விழுந்தது. டிரைவர் மாத்திரையைச் சர்க்கரை மாத்திரை டப்பாவுக்கு மாற்றிக்கொண்டு, கிளீனர் கண்முன்னாலேயே விழுங்கக் கற்றுக்கொண்டான். கிருமி இறங்கிக்கொண்டிருந்தது, இன்னும் முழுதாக அடங்கவில்லை. ஒருநாள் காலையில் தங்கச்சி சாய வாடை பொறுக்காமல் கடைக்கு வெளியே ஓடிப்போய் வாந்தியெடுத்தாள். வக்கீலம்மா அவள் தலையைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். சந்தோஷத்தில்தான். குடைக்காரி மறுபடியும் கடைக்கு வரத் தொடங்கியிருந்தாள். முன்புபோல் பேசினாள், ஆனால் புருவத்தை மட்டும் வேறு கடையில் திருத்திக்கொண்டாள். 

ஊசித் திட்டத்துக்கு ஒரு வருஷம் நிறைந்தபோது ஆஸ்பத்திரிக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். அதிகாரி வந்திருந்தார். ஊசி போட்டுக்கொள்கிற எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார்கள். தங்கச்சி மசக்கையில் வீட்டில் இருந்தாள். வக்கீலம்மா முதல் வரிசையில், பக்கத்தில் குடைக்காரி.

"அருமையான வெற்றி" என்றார் அதிகாரி. "சாலையோரப் பெண்கள் நாங்க நெனச்சதைவிட ரெண்டு பங்கு வந்திருக்காங்க. உங்க கோரிக்கை எவ்வளவு சரின்னு இப்ப நிரூபணமாயிடுச்சு." கூடம் கைதட்டியது.

ரெண்டு பங்கா? வக்கீலம்மா திரும்பிப் பார்த்தாள். பின் வரிசைகளில் பெண்கள் கண்மையும் பளபளக்கிற உதட்டுச்சாயமுமாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த முகங்களை அவளுக்குத் தெரியும். எத்தனையோ தடவை கையில் பிடித்துத் திருத்திய முகங்கள். பேக்கரிக்காரன் மனைவி. தபால்காரன் மனைவி. கடைசி வரிசையில், அன்று நூல் அறுந்து "ஆ" என்ற டீச்சர்.

"இவங்க எல்லாம்..." என்று குடைக்காரியின் காதில் குனிந்தாள்.

"ராத்திரி வந்து கதவைத் தட்டினா நான் என்னடி பண்ண?" என்றாள் குடைக்காரி உதட்டை அசைக்காமல். "எல்லாரும் எங்க ஆளுதான்னு சொல்லிட்டேன். நீ வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு."

சும்மா இருக்கத்தான் நினைத்தாள். ஆனால், "யாராவது ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?" என்று கேட்டபோது கால்கள் எழுந்துவிட்டன.

"சார், போன வருஷமே சொன்னேன். நோய் இருக்கற ஆம்பளைங்களோட பொண்டாட்டிங்களையும் சேர்க்கணும். அவங்க பொண்டாட்டின்னே சொல்லிக்கிட்டு வந்து போட்டுக்கணும்."

அதிகாரி அன்போடு சிரித்தார். "மறக்கலைம்மா. வருஷம் முழுக்க நானும் பார்த்துக்கிட்டே இருந்தேன். இந்த ஆஸ்பத்திரிக்கு அப்படி ஒருத்தர்கூடக் கேட்டு வரலை." பக்கத்திலிருந்த நர்ஸைத் திரும்பிப் பார்த்தார். நர்ஸ் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. உங்களுக்குத் தெரிஞ்சு ஒருத்தர் இருந்தா சொல்லுங்க. ஒரே ஒருத்தர். நாளைக்கே மேலே எழுதறேன்."

தனக்கென்று ஒரு புருஷன் இருந்து அவனுக்கு நோயும் இருந்திருந்தால், அந்த நொடியில் தன்னையே காட்டியிருப்பாள். அந்தப் பாக்கியமும் இல்லை. ஒரு பேரைச் சொன்னால், அவள் எப்படி ஊசி போட்டுக்கொண்டாள் என்று கேட்பார்கள். கேட்டால் சாட்சி சொன்னவளைத் தள்ளுவார்கள், சாட்சியைத் தள்ளினால் அத்தனை பேரையும் தள்ளுவார்கள். வயிற்றுப் பிள்ளையோடு இருக்கிற தங்கச்சிக்கும் அடுத்த ஊசி நின்றுபோகும். சொல்லாவிட்டால் அடுத்த வருஷமும் இதே கைதட்டல்.

அவள் மறுபடி பின்னால் பார்த்தாள். யாராவது ஒருத்தி எழுந்துவிடமாட்டாளா என்றுதான் பார்த்தாள். டீச்சர் தலையை இப்படியும் அப்படியும், மெல்ல, மிக மெல்ல ஆட்டினாள். வேண்டாம் என்று.

"சொல்லுங்கம்மா. இருக்காங்களா?"

"இல்ல சார்" என்றாள் வக்கீலம்மா. "ஒருத்தரும் இல்ல."